இரண்டாவது காது

நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போகாமல் இரண்டுபட்ட வீடுகளைப் பற்றித் தெருவுக்கு ஒரு கதை இருக்கும். ஒத்துப்போனதால் ஒரு வீடு கலங்கிப்போன கதை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மட்டுமே இடம் உள்ள ஒரு பால்கனி. ஆட்கள் மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறையில் ஆறாவது வருஷமாகப் பிஎச்.டி. செய்கிறவள். நாத்தனார் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். முப்பத்தொரு வயசு. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கு அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டைக் காலிசெய்து, துணியை இங்கே வைத்துக்கொள், மேல்தட்டு உனக்கு எட்டாது என்று மட்டும் சொன்னாள். புத்தகமெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. நாத்தனார் அதை மறக்கவே இல்லை. பின்னால் வந்த சிக்கலுக்கு வேர் தேடிப் போனால் அந்தக் கீழ்த்தட்டில்தான் போய் நிற்கும்.

அண்ணியின் ஆராய்ச்சி அண்ணனின் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலிருந்து பிறந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போகும். ஹெட்போன் மாட்டிய ஒருத்தி எடுப்பாள். மெக்கானிக் வந்து சேர இருபது நிமிஷமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அதுவரைக்கும் உள்ளே இருப்பவருக்கு உலகத்தில் உள்ள ஒரே ஆள் அந்தக் குரல்தான். ஒரே அளவு நேரம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரில் ஒருத்தர், கதவைத் திறந்ததும் அழுதுகொண்டே வெளியே பாய்கிறார். இன்னொருத்தர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி, "வந்துட்டியாப்பா" என்று விசாரித்துக்கொண்டு இறங்குகிறார். மாட்டிக்கிடந்த நேரத்தில் இல்லை வித்தியாசம், போனில் யார் இருந்தார்கள் என்பதில்தான் இருக்கிறது என்று அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "போன்ல இருந்தவ அப்படி என்னதான் பண்ணினா?"

"அதைக் கேக்கவா எனக்குச் சம்பளம்? நான் கதவைத் திறந்துட்டு வந்துடுவேன்" என்றான் அண்ணன்.

அந்தக் கேள்வியைத்தான் அவள் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியிடம் அனுமதி வாங்கவே ஒரு வருஷம் ஓடியது. பெயரும் விலாசமும் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு பீப் சத்தம் வைத்து மறைத்து, முன்னூற்றுப் பத்து அழைப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை.

பேச்சை ஆராய்கிறது என்றால் கேட்டுவிட்டு இது நல்லாயிருக்கு, இது சரியில்லை என்று சொல்வதில்லை. பேச்சைத் துண்டுதுண்டாக நறுக்கவேண்டும். போனில் இருப்பவள் ஒருமுறை வாய் திறந்து மூடினால் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து அதற்கு ஒரு எண் போடவேண்டும். கேள்வி கேட்டால் ஒன்று. தகவல் சொன்னால் இரண்டு. தைரியம் சொன்னால் மூன்று. பேச்சை வேறு பக்கம் திருப்பினால் நாலு. இதைச் செய், அதைச் செய்யாதே என்றால் ஐந்து. ஒன்றும் பெரிதாகச் சொல்லாமல் 'ம்' கொட்டி, நான் இருக்கிறேன் என்று காட்டினால் ஆறு. ஆளை அந்தரத்தில் விட்டுவிட்டால் ஏழு. மூன்று நொடிக்கு மேல் பேச்சே இல்லாமல் போனால் அந்த மௌனமும் ஒரு துண்டுதான். அதற்கும் எண் உண்டு. எந்தத் துண்டுக்கு எந்த எண் என்று இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் எழுதி வைத்திருந்தாள் அண்ணி.

ஆனால் ஒருத்தி மட்டும் கேட்டு எண் போட்டால் அது அவளுடைய அபிப்பிராயம்தானே. அதனால் இரண்டாவதாக ஒரு காது வேண்டும். அந்த ஆளும் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு அழைப்புகளைத் தனியாக உட்கார்ந்து கேட்டு, முதல் ஆள் என்ன போட்டாள் என்று பார்க்காமல் எண் போடவேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை இடத்தில் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சில இடத்தில் பொருந்தத்தான் செய்யும், அதனால் அந்தக் குருட்டுப் பொருத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார்கள். நூற்றுக்கு எழுபது வந்தால் போதும். எண்பது வந்தால் சந்தோஷம்.

இரண்டாவது காதாக ஒப்புக்கொண்டிருந்த மாணவி வேலை கிடைத்துப் போய்விட்டாள். வேறு யாரும் அகப்படவில்லை. துறைக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்று அண்ணியின் கைடு, குட்டை முடி வைத்த ஒரு பேராசிரியை, சொல்லியிருந்தாள். நாத்தனார் முன்வந்தாள்.

அவள் ஷிப்ட் விடியக்காலையில் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும். சலவைக்கூடம் ஓட்டலுக்கு அடியில், ஜன்னல் இல்லாத இடம். பிழிந்த படுக்கை விரிப்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வண்டியில் வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, சூடான ரோலருக்குள் நேராக நுழைக்கவேண்டும். கோணலாகப் போனால் உள்ளே மடிப்பு விழுந்து அந்த மடிப்பே இஸ்திரி ஆகிவிடும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். மடிப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளை விளக்கு மேசை. அங்கே விரித்துப் பார்த்து, கறை இருந்தால் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுத் திரும்ப எறிவார்கள். நாத்தனார் இப்போது அந்த மேசையில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு கண்ணுக்கு முன்னால் போகும். வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு, தலையில் துண்டைச் சுற்றியபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

முதலில் பயிற்சிக்குப் பத்து அழைப்புகள். அதில் பேசிக்கொள்ளலாம், வித்தியாசப்பட்டால் ஏன் என்று விவாதிக்கலாம். முதல் தடவை பொருத்தம் அறுபத்தொன்று வந்தது. அடித்துப் பிடித்து விதிகளைத் திருத்தி, அடுத்த தடவை எழுபத்திரண்டு. அது போதும் என்று உண்மையான வேலையில் இறங்கினார்கள். அறுபத்திரண்டு அழைப்புகளுக்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அண்ணியும் நாத்தனாரும் வீட்டில் லிஃப்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அண்ணன் வேலையிலிருந்து வந்து இன்றைக்கு ஒரு லிஃப்டில் என்று ஆரம்பித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி நிறுத்துவார்கள். தன் சொந்த வீட்டிலேயே தன் தொழிலைப் பற்றிப் பேச முடியாமல் போய்விட்டது என்று அவன் புலம்பினான்.

கடைசியில் கூட்டிப் பார்த்தபோது தொண்ணூற்றேழு.

அண்ணி நாற்காலியில் இருந்து எழுந்து நாத்தனாரின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கைடும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். "உங்க வீட்டுல யாரும் சண்டையே போட மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாளாம். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணன் கேக் வாங்கி வந்தான். தீசிஸைக் கொடுக்கவேண்டிய கடைசி நாளுக்கு இருபத்தாறு நாள் பாக்கி. ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. ஆனால் இனிமேல் என்ன, எழுதி முடிக்கவேண்டியதுதான் பாக்கி.

நாத்தனார் தன் கேக் துண்டை அண்ணன் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

விஷயம் இதுதான். பயிற்சியின்போது மௌனம் வருகிற இடங்களில் அவளுக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போகவே இல்லை. போனில் இருப்பவள் பேச்சை நிறுத்திவிட்டால் அண்ணி ஏழு போடுவாள். விட்டுவிட்டாள், ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டாள் என்பாள். நாத்தனாருக்குச் சில இடங்களில் அப்படிக் கேட்கவில்லை. ஒரு அழைப்பில் வயசான ஒருத்தர். நாற்பது நொடி இரண்டு பக்கமும் பேச்சில்லை. ஆனால் போன் பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது, யாரோ ஒரு மடக்குத் தேநீர் குடிக்கிறார்கள், உள்ளே இருப்பவர் செருமிக்கொள்கிறார். நாத்தனார் அதற்கு ஆறு போட்டாள். அண்ணி பொறுமையாக விளக்கினாள். நாத்தனார், "சரிதான் அண்ணி, நீங்க படிச்சவங்க" என்று மாற்றிக்கொண்டாள். அப்போது அது ஒரு சின்ன விஷயம்.

பிறகு தனியாக உட்கார்ந்தபோதும் அவள் மாற்றிக்கொண்டுதான் இருந்தாள். யாரும் சொல்லவில்லை. அண்ணியின் எண்களை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. நாலு வருஷம் கூடவே இருந்தவளுக்கு அண்ணி எந்த இடத்தில் முகம் சுளிப்பாள் என்று தெரியாதா? ஒவ்வொரு துண்டிலும் தனக்கு என்ன கேட்டது என்று எழுதாமல், அண்ணிக்கு என்ன கேட்டிருக்கும் என்று எழுதிவிட்டாள். எழுதும்போது அது தப்பு என்றே தோன்றவில்லை. நன்றாகச் செய்கிறோம் என்றுதான் தோன்றியது. தொண்ணூற்றேழு என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் தான் செய்தது என்ன என்று உறைத்தது.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். சொன்னால் அண்ணியின் ஆறு வருஷம் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் நாள் விளக்கு மேசையில் அவளோடு நின்ற புதுப் பெண் ஒரு விரிப்பை மடிப்புப் பக்கம் தள்ளினாள். முனையில் துரு நிறத்தில் ஒரு கறை. நாத்தனார் அதை இழுத்து விளக்கில் காட்டினாள்.

"இது உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சுக்கா. இன்னைக்குத் துவைக்கிற பக்கம் நம்ம சிரிப்பு இருக்கா. காலையிலேர்ந்து அவளுக்கு நாப்பது திருப்பிட்டோம். பாவமா இருந்துச்சு." சிரிப்பு என்பது எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் பட்டப்பெயர்.

"பாவம் பாக்கறதுக்கா உன்னை இங்க நிறுத்தியிருக்கு? துவைக்கிறவளே கறை பாக்கக் கூடாதுன்னுதானே தனியா ஒரு மேசை போட்டு, தனியா ரெண்டு ஆள் போட்டிருக்கு? நீ அவ கண்ணால பாத்தா அப்புறம் நீ எதுக்கு?"

சொல்லி முடித்ததும் நாத்தனார் அந்த விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். புதுப் பெண், இவ்வளவுக்கா கோபம் என்று பயந்து, தானே வாங்கி முடிச்சுப் போட்டு எறிந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அண்ணி பால்கனித் துணியை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டுவிட்டு அப்படியே லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, அந்தத் தொண்ணூத்தேழு என்னோடது இல்ல."

"என்ன சொல்ற?"

"உங்களோடது. உங்களுக்கு என்ன கேக்கும்னு எழுதினேன். எனக்கு வேற மாதிரி கேட்ட இடத்துலயும் உங்களுதைத்தான் எழுதினேன்."

அண்ணி திரும்பி உட்கார்ந்தாள். "எத்தனை இடம்?"

"தெரியல. மௌனம் வர்ற இடம் நிறைய. மத்ததுலயும் கொஞ்சம்."

"என் ஃபைலைப் பாத்தியா?"

"சத்தியமாப் பாக்கல. உங்களைப் பாத்திருக்கேனே, அது போதாதா?"

அண்ணி எழுந்தாள். கட்டிலில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நாத்தனார் மறுமுனையைப் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். கோபமாக ஆட்டவில்லை, தனியாக மடிக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாத்தனார் சமையலறைக்குப் போய், செய்ய ஒன்றும் இல்லாமல் அரிசிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, கைடுதான் கையெழுத்துப் போட்டாச்சே, இனிமேல் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அண்ணி, லிஃப்ட் கயிறு பாதி அறுந்திருப்பது உனக்கு மட்டும் தெரிந்தால் ஆளை ஏற்றுவாயா என்று கேட்டாள். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ரெண்டு பேரும் மத்த வீடு மாதிரி குடுமிப்பிடி சண்டை போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

மறுநாள் அண்ணி கைடிடம் போனாள். பேராசிரியை திட்டவில்லையாம். தானும் அந்த எண்ணில் மயங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டாளாம். அறுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று வந்தது தொண்ணூற்றேழுக்குத் தாவினால் நின்று யோசித்திருக்கவேண்டியது தான்தான் என்றாளாம். ஆனால் வழி ஒன்றே ஒன்று: புதுசாக ஒரு காது. பயிற்சி முதல் எல்லாமே மறுபடி. இருபத்திரண்டு நாளுக்குள் அதையும் முடித்து எழுதியும் முடிக்கவேண்டும். வேலை தெரிந்தவனாக, வேகமாகச் செய்கிறவனாக, முக்கியமாக அண்ணியிடம் கொஞ்சமும் தாட்சண்யம் இல்லாதவனாக ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருத்தன் துறையில் இருக்கிறான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அவனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அப்படியில்லை'. எந்த வாக்கியத்தையும் அந்த வார்த்தையில்தான் தொடங்குவான். நாற்பத்தைந்து வயசு, முன்பு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், டிவி விவாதங்களில் யார் யாரை எத்தனை முறை குறுக்கிடுகிறார்கள் என்று ஆராய்கிறவன். ஒன்றரை வருஷத்துக்கு முன் அண்ணியின் கருத்தரங்கில் அடுத்தடுத்துப் பதினோரு கேள்வி கேட்டு அவளை நிற்கவைத்து உரித்துவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தேநீர்க் கடையில் அவன் இருந்தால் அண்ணி சுற்றிக்கொண்டு போவாள்.

அவள் நேராக அவன் மேசைக்குப் போய் நின்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மூன்று வாரம் ஆகும் என்றாள்.

"அப்படியில்ல" என்றான் அவன், வழக்கம்போல. "மூணு வாரம் எதுக்கு? பத்து நாள் போதும். உங்க நாத்தனார் போட்டதை என்கிட்ட காட்டாதீங்க. உங்களுதையும் காட்டாதீங்க. தேநீர் வாங்கித் தர்றேன்னும் சொல்லாதீங்க, மனசு இளகிடும்."

அந்தப் பத்து நாள் வீடு ஒரு மாதிரி இருந்தது. பகை இல்லை, ஆனால் எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்தார்கள். அண்ணி பழைய அத்தியாயங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கும்போது சமையல், பாத்திரம், துணி எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் அண்ணி வந்து அவள் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி, "தண்டனைக்கு நிக்கிற மாதிரி நிக்காத. வீடு கூட்டறதுக்கு எனக்கும் கை இருக்கு" என்றாள். நாத்தனார் அதைக் கேட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. எழுபத்து நாலு.

போதும். எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் அண்ணி வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிவாக இல்லை. கையில் ஒரு பட்டியல். ஒத்துப்போகாத இடங்களை எல்லாம் 'அப்படியில்லை' வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்கவேண்டியவை ஒரே இடத்தில் குவிந்திருந்தன. எல்லாம் மௌனம். அவள் ஏழு போட்ட இடத்தில் அவன் ஆறு போட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி: உங்கள் ஏழாம் எண்ணுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது, விதிப் புத்தகம் அதை ஒன்றாகப் போட்டு மூடியிருக்கிறது.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வந்ததாக அவளே சொன்னாள். பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் திட்டு நின்றுவிட்டது. வந்தவள் பையைக்கூட இறக்காமல் நாத்தனாருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உனக்கு வேற மாதிரி கேட்ட இடம் எதெதுன்னு இப்ப சொல்ல முடியுமா? நான் எதையும் காட்ட மாட்டேன். ஞாபகம் இருக்கறதைச் சொல்லு."

நாத்தனாருக்கு அழைப்பு எண்கள் ஞாபகமில்லை. ஆட்கள் ஞாபகம் இருந்தார்கள். தேநீர் குடிக்கும் சத்தம் கேட்கிற அந்தப் பெரியவர். நாயைத் தூக்கி வைத்திருந்த அம்மா. நாய் பெருமூச்சு விட்டதும் இரண்டு பேரும் சும்மா இருந்தது. பரீட்சைக்குப் போகிற பெண், உள்ளேயே உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுகிறாள், போனில் இருப்பவள் அந்தத் தாள் சத்தத்துக்கு நடுவில் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒவ்வொன்றாக விரல் மடக்கிப் பதினொன்று சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே லேப்டாப்பில் தேடித் தேடிக் குறித்துக்கொண்டாள். பிறகு பட்டியலைப் பக்கத்தில் வைத்து விரலால் இறங்கினாள்.

பதினொன்றில் ஒன்பது அவன் பட்டியலிலும் இருந்தது.

"நீ அவனைப் பாத்ததே இல்லையே" என்றாள் அண்ணி.

"யாரு அவன்?"

"ஒரு மகராசன்" என்றாள் அண்ணி. அவனை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மதியமே இருவரும் ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவரின் அழைப்பைக் கேட்டார்கள். நாற்பது நொடி. அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை அந்த மௌனத்துக்குப் பிறகு பெரியவர் என்ன சொல்கிறார் என்று கவனித்தாள். "இன்னும் இருக்கியாம்மா?" என்று கேட்கவே இல்லை அவர். நிஜமாகக் கைவிடப்பட்டவர்கள் எல்லாரும் மௌனம் கலைந்ததும் அதைத்தான் முதலில் கேட்டிருந்தார்கள். இவர் தன் மருமகள் வைக்கும் ரசத்தைப் பற்றிய பாதிப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அண்ணி ஹெட்போனை மேசையில் வைத்தாள். "ஆறு வருஷமா இதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்குப் பேசாம இருந்தா ஆள் இல்லைன்னுதான் தோணும். நான் வளர்ந்த வீட்டுல அப்படித்தான். எங்கப்பா பேச்சை நிறுத்திட்டார்னா ஒரு வாரத்துக்கு அவர் யாருக்கும் ஆளில்ல."

நாத்தனார் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்த நாட்களில் அண்ணியும் 'அப்படியில்லை'யும் துறையின் ஒரு மூலை அறையில் உட்கார்ந்து முன்னூற்றுப் பத்து அழைப்பிலும் உள்ள மௌனத்தை மட்டும் எடுத்துக் கேட்டார்கள். நூற்று நாற்பத்தெட்டு மௌனம். ஏழாம் எண்ணை உடைத்து இரண்டாக்கி, புதுசாக எட்டாம் எண் ஒன்று வைத்து, விதிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்த்தார்கள். மௌனம் கலைந்ததும் வரும் முதல் பேச்சைப் பார்த்து எந்த வகை என்று முடிவுசெய்வது என்ற விதி அவனுடையது. தினமும் சண்டை. சண்டை முடிந்ததும் அவனே போய்த் தேநீர் வாங்கி வந்தான். சமோசாவும் இருந்தது, ஆனால் அதை அவன் தனியாகத் தின்றான் என்று அண்ணி வீட்டில் வந்து சொன்னபோது, பல நாளுக்கு அப்புறம் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மதியம். நாத்தனார் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி ஒரே ஒரு பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்சம் தயங்கினாள். ஆய்வு எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும், அதில் நடந்த தப்பையும் எழுதவேண்டும், அது முறை. அதனால் நீயும் அதில் வருகிறாய், பெயர் இல்லை, ஆனால் வருகிறாய், பிடிக்காத வார்த்தை இருந்தால் சொல் என்று இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு வாசித்தாள்.

"முதலில் நியமிக்கப்பட்ட இரண்டாம் குறியீட்டாளரின் குறியீடுகள் இந்த ஆய்வில் பயன்படுத்தப்படவில்லை. ஆய்வாளர் மீது கொண்ட மரியாதை காரணமாக, அவர் தாம் கேட்டதைப் பதியாமல் ஆய்வாளர் கேட்டிருக்கக்கூடியதைப் பதிந்தார். இதை அவரே முன்வந்து தெரிவித்தார். அவர் தெரிவித்ததன் பிறகே, மௌனம் இரண்டு வகை என்ற ஆறாம் அத்தியாயத்தின் முக்கியக் கண்டறிதல் சாத்தியமாயிற்று."

நாத்தனார் பக்கத்தைக் கையில் வாங்கி, தானே ஒருமுறை மெதுவாகப் படித்தாள். 'அவரே முன்வந்து' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். தன்னைப் பற்றி யாரும் இதுவரை எதையும் அச்சில் எழுதியதில்லை. எழுதினவள் ஒரு சொல் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. விவாகரத்து மனுவில்கூட அவளைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதியிருக்கவில்லை. ஒரு நன்றி மேலே வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. வழக்கமாக அந்த இன்னொன்றை விழுங்கிவிடுவாள்.

"ஒரு இடம் சரியில்ல அண்ணி."

"எது?"

"மரியாதைன்னு போட்டிருக்கீங்க. மரியாதையால பண்ணல."

அண்ணி பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தாள். மேலே காலி இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "அப்ப என்ன போடட்டும்?" என்றாள்.

நாத்தனாருக்கு உடனே வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணி எடுத்துக் கொடுக்கவில்லை. பயமா, பாசமா, விசுவாசமா என்று கேட்கவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து, நின்று, போனது. அண்ணி பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை பேர் பேசறதைக் கேட்டு நீங்க ஒருத்தி மட்டும் ஒரு நம்பர் போடறீங்க. நானும் வேற போட்டா, அங்க நீங்க தனியா நிப்பீங்க" என்றாள் நாத்தனார். "நீங்க தனியா நிக்கக் கூடாதுன்னுதான்."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள். இப்படியெல்லாம் தீசிஸில் எழுதினால் கைடு என்ன சொல்வாளோ என்றாள். பிறகு லேப்டாப்பை இழுத்து, மேற்கோள் குறி போட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். அடித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சரியா?"

நாத்தனார் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"ம். இப்ப சரி" என்றாள்.